போவாவுக்கு எத்தனை மாதம்?

மிருக கிளினிக்கில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு, ஒரு தொல்லையும் உண்டு: நோயாளி பொய் சொல்லாது, கூட வருகிறவர் வாய் மூடமாட்டார்.

சுங்கைப் பட்டாணியில் ஒரு சின்ன கிளினிக்கில் கவுண்டர் பார்ப்பது, மிருகத்தைப் பிடித்துக்கொள்வது, எங்கள் சீன டாக்டரம்மாவின் மலாயைத் தமிழாக்குவது என்று எனக்கு மூன்று வேலை. சம்பளம் ஒன்றுதான். வருவது பெரும்பாலும் பூனைகள். கொஞ்ச காலமாக, துணி போட்டு மூடிய பிளாஸ்டிக் பெட்டிகளும் வருகின்றன. உள்ளே பாம்பு. அதில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்வி, உண்டாகியிருக்கிறதா என்று. ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா என்று.

ஆஸ்பத்திரி நர்ஸாகவோ, பள்ளிக்கூட ஆபீஸில் பரீட்சை முடிவு சொல்கிறவராகவோ இருந்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். எதிரே நிற்கிறவர் நம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நமக்கோ பதில் தெரியாது. அப்படி விழித்த எல்லாருக்கும் இதைச் சொல்கிறேன்.

வயிறு மட்டும் போதாது

போவா என்கிற பாம்பு நம் ஊர் மலைப்பாம்பு மாதிரி முட்டையிடாது, குட்டி போடும். அது தெரிந்தவர்கள் வயிறு கொஞ்சம் பெருத்தாலே கிளம்பி வந்துவிடுகிறார்கள். ஆனால் பாம்புக்கு எல்லாமே வயிறுதான். எந்த இடம் பெருத்திருக்கிறது, எப்படிப் படுக்கிறது, எப்போது சாப்பாட்டை நிறுத்தியது, எப்போது சட்டை உரித்தது, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் டாக்டர் கையை வைப்பார்.

குருணிலிருந்து ஓர் ஆசிரியர் தன் போவாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். தலைப்பிரசவமாம். வகுப்பில் மாணவர்களிடம் சொல்லி, அவர்கள் குட்டிகளுக்குப் பேர்கூடத் தேடி வைத்துவிட்டார்களாம். டாக்டர் வாலுக்குக் கீழே சோதித்துப் பார்த்துவிட்டு, இது ஆண் என்றார். நடு உடம்பில் இருந்த வீக்கம் முந்தாநாள் விழுங்கிய கொழுத்த எலி. நான் இதை எவ்வளவு பக்குவமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பக்குவமாகச் சொன்னேன். ஆசிரியர் பாம்பை மறுபடியும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"பரவால்ல மிஸ், எங்க பி.டி. வாத்தியாருக்கும் இதே வயிறுதான், நாங்க ஒன்னும் சொல்றதில்ல."

யார் காரணம்?

தனபாலன் பீடோங்கில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் தாயாரோடு இருக்கிறான். குருண் பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். முப்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. அவன் வளர்க்கும் போவாவுக்குச் செல்வி என்று பேர். கூலிமில் ஒருவரிடம் வாங்கியது, லைசென்ஸ் எல்லாம் முறையாக எடுத்திருந்தான். முதல் தடவை அவன் பெட்டியோடு வந்தபோது பின்னாலேயே அவன் அம்மா பாக்கியமும் வந்தார். மகனுக்குத் துணையாக வரவில்லை, காவலாக வந்தார். செல்வியை அலோர் ஸ்டாரில் ஓர் ஆளுக்குக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. அவள் பல நாளாகச் சாப்பிடாததால், டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் அந்த ஆள். கிளினிக்கிலிருந்து பெட்டி வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் பாக்கியம்மா மகனின் காரில் ஏறியிருந்தார். பாம்பு இருக்கிற வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று, உட்கார்ந்திருந்த பூனைக்காரர்கள் எல்லாரிடமும் நியாயம் கேட்டார். தனபாலன் தரையைப் பார்த்தபடி பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தான்.

டாக்டர் செல்வியைத் தூக்கித் தன் கைகள்மேல் மெதுவாக நகரவிட்டார். அமுக்கக் கூடாது, அதுவாக ஊர்ந்து போகும்போது விரல் உணர வேண்டும். உடம்பின் பின்பாதி திண்ணென்று இருந்தது. விளக்குச் சூட்டில் வயிற்றை மேலே காட்டிப் புரண்டு படுக்கிறாள் என்றான் தனபாலன். டாக்டர் தலையாட்டி, "புந்திங்" என்றார். நான் தமிழில் சொல்வதற்குள் பாக்கியம்மா நிமிர்ந்துவிட்டார். எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டே மாடும் வளர்த்தவர், சினைக்கு மலாயில் என்ன என்று அவருக்கா தெரியாது.

வீட்டில் ஆண் பாம்பே இல்லையே, யார் காரணம் என்று கேட்டார். சில பாம்புகள் ஆணோடு சேர்ந்து பல மாதம் கழித்துக்கூட உண்டாகும், பழைய வீட்டில் சேர்ந்திருக்கலாம் என்று டாக்டர் விளக்கினார். உள்ளே இருப்பவை நல்ல குட்டிகளா, கரு பிடிக்காத வெறும் முட்டைகளா என்பது கொஞ்ச நாள் போய் ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றும் சொன்னார். பாக்கியம்மாவின் தீர்ப்பு அங்கேயே வந்தது. பிள்ளை உண்டென்றால் இருக்கட்டும், வெறும் வீக்கம் என்றால் மறுநாளே கிளம்ப வேண்டும். பிறகு முதல் தடவையாகப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"வாயும் வயிறுமா இருக்கறவள வித்துட்டு வந்தா, நாளைக்கு எந்தப் பொண்ணுடா உன்கூட வாழ வரும்? காடியத் திருப்பு."

கம்பளி

அதற்குப் பிறகு கிளினிக் போன் பாக்கியம்மாவின் போன் ஆகிவிட்டது. பப்பாளி ஆகாதே, பாம்புக்குமா ஆகாது? மல்லாக்கப் படுத்தால் கொடி சுற்றிக்கொள்ளாதா? கூண்டின் மேல் வேப்பிலை வைக்கலாமா? எலி பிடிக்கவில்லை என்றால் கோழிக்குஞ்சு கொடுத்துப் பார்க்கலாமா? சினைப் பாம்பு பல நேரம் சாப்பிடாது, கட்டாயப்படுத்த வேண்டாம் என்று சொன்னேன். அவருக்கும் மூத்த பிள்ளை வயிற்றிலிருந்தபோது சோறே இறங்கவில்லையாம். தனபாலன்தானே மூத்தவன் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டார்.

ஒரு நாள் காலையில் தனபாலன் மூச்சு வாங்கப் போன் செய்தான். முந்தின ராத்திரி கிரகணம். வேலை முடிந்து வந்து பார்த்தால் கூண்டு இருட்டாக இருந்திருக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்காரிமேல் வெளிச்சம் படக் கூடாது என்று அம்மா சூட்டு விளக்கை அணைத்து, குளிருமே என்று கூண்டுக்குக் கம்பளியும் போர்த்திவிட்டார். நம் ஊர் வெக்கையில் சில மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது என்றார் டாக்டர். ஆனாலும் அம்மாவுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று என்னிடம் தள்ளிவிட்டார். நான் பாக்கியம்மாவிடம் பேசினேன். நமக்கு உடம்பில் சூடு இருக்கிறது, கம்பளி அதைப் பிடித்து வைக்கிறது, பாம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது, விளக்குதான் அதற்கு எல்லாம் என்று சொன்னேன். என் விளக்கம் எனக்கே பிடித்திருந்தது. பாக்கியம்மாவுக்கு அது போதவில்லை.

"சூடே இல்லாதவ வயித்துல எப்படி, ஆயி, புள்ள தங்கும்? அவ என்ன தைரியத்துல சுமக்குறா?"



ஒரு துடிப்பு

ஸ்கேன் அன்று தனபாலன் மட்டும் வந்தான். அம்மாவுக்குக் கால் வலி. நான் செல்வியின் முன்பாதியைப் பிடித்துக்கொண்டேன், அவன் வாலைப் பிடித்துக்கொண்டான், டாக்டர் ஜெல்லைத் தடவி நடுவில் தேடினார். நல்ல குட்டி என்றால் திரையில் சுருண்ட உருவம் தெரியும், அதற்குள் பொட்டு மாதிரி இதயம் படபடக்கும். கரு பிடிக்காத முட்டை என்றால் வெறும் கட்டி, உள்ளே ஒன்றும் அசையாது. டாக்டர் கழுத்துப் பக்கமிருந்து வால் பக்கம் போனார். கட்டி. மறுபடியும் கட்டி. அடுத்ததும் கட்டி. திரும்பவும் ஆரம்பத்திலிருந்து வந்தார். நான் கத்தோலிக்கப் பெண், பாம்பைப் பற்றி எங்கள் வேதத்தில் தொடக்கத்திலிருந்தே நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனாலும் அந்தத் திரையில் ஏதாவது ஒன்று அசைந்துவிடாதா என்று பற்களைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில், வாலை ஒட்டி, ஒன்று துடித்தது. ஒன்றே ஒன்று. மெதுவாகத்தான் துடித்தது. ஆபரேஷன் செய்தால் அதுவும் போய்விடும், செல்வி தெம்பாக இருக்கிறாள், கட்டிகளையும் அவளே தள்ளிவிடுவாள், காத்திருப்போம் என்றார் டாக்டர். தனபாலன் என்னை வெளியே கூப்பிட்டான். அம்மாவிடம் எல்லாம் நல்ல குட்டி என்று சொல்லிவிடச் சொன்னான். வெறும் கட்டி என்று தெரிந்தால் செல்வியை நாளைக்கே அனுப்பிவிடுவார், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தால் தன் முகத்தைப் பார்த்துத் தலை தூக்குவது அவள் ஒருத்திதான் என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை.

அரை மணி நேரத்தில் பாக்கியம்மாவே போன் செய்தார். டாக்டர் சொன்னதை டாக்டர் சொன்ன மாதிரியே சொல்லு என்றார். நிறைய கட்டி இருக்கிறது, ஒன்று மட்டும் துடிக்கிறது என்றேன். அவ்வளவுதான், பெட்டி நாளைக்கே அலோர் ஸ்டாருக்குக் கிளம்பிவிடும் என்று நினைத்தேன்.

"ஒன்னு துடிக்குதுல்ல? ஒன்னு போதும்லா. நெறையப் பேருக்கு அதுகூட இல்ல."

அன்று வேலை முடிந்து போகிற வழியில் மாதா கோயிலில் நுழைந்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். யாருக்காக என்று சாமியாரிடம் சொல்லவில்லை.

மூடிய பேசின்

அடுத்து அவர்கள் இருவரும் வந்தபோது பெட்டியைத் தனபாலன் தூக்கி வந்தான். பாக்கியம்மா ஒரு பிளாஸ்டிக் பேசினைத் துண்டால் மூடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். விடிகாலையில் பிரசவமாகியிருக்கிறது. டாக்டர் முதலில் செல்வியைப் பார்த்தார். உள்ளே ஒன்றும் தங்கவில்லை, களைப்பைத் தவிர வேறு குறையில்லை. பிறகு துண்டை விலக்கினார். மஞ்சளாக, சோப்புக்கட்டி மாதிரி உருண்டைகள். அவற்றுக்கு நடுவில் மெல்லிய தோல்பைக்குள் ஒரு குட்டி. கண், வாய், முதுகில் செல்விக்கு இருக்கிற அதே கோலம், வால் நுனியில் அதே சிவப்பு, எல்லாம் இருந்தது. மூச்சு மட்டும் இல்லை. டாக்டர் பையைக் கிழித்துத் துடைத்தார், விரலால் தேய்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு துண்டை மறுபடியும் மூடினார்.

கணக்குப்படி, இனி செல்விக்கு அந்த வீட்டில் இருக்கக் காரணம் ஒன்றும் இல்லை. வயிற்றிலும் இல்லை, மடியிலும் இல்லை. தனபாலனும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். அம்மா சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடலாம் என்று, அலோர் ஸ்டார் ஆளுக்கு மத்தியானம் போன் செய்கிறேன் என்றான். பாக்கியம்மா அவனைப் பார்க்கவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்து, அதுவரை ஒரு நாளும் தொடாதவர், ஒரு விரலைச் செல்வியின் முதுகில் வைத்தார். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல், தனக்குத் தானே சொல்கிற மாதிரி சொன்னார். தனபாலனுக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை பிறந்ததாம், அழவே இல்லையாம். அதற்கு அடுத்த வாரமே அவருடைய மாமியார் துணிமணியை மூட்டை கட்டிக் கொடுத்து, தாய் வீட்டு எஸ்டேட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டாராம். தனபாலனுக்கே இது புதுச் செய்தி.

பாக்கியம்மா மூடியைச் சாத்தினார். விளக்கு எத்தனை நாளைக்கு விடாமல் எரிய வேண்டும் என்று டாக்டரைக் கேட்கச் சொன்னார். நான் கேட்டுச் சொன்னேன். பேசினைத் தானே எடுத்துக்கொண்டு வாசல் வரை போய், திரும்பி மகனைப் பார்த்தார்.

"புள்ளையப் பறிகொடுத்துட்டு வந்து நிக்கறவள வெளிய போன்னு சொல்ல நான் என்ன எங்க மாமியாரா? காடிய எடு, அவளுக்குக் குளுரும்."

செல்வி இன்னும் பீடோங்கில்தான் இருக்கிறாள், தனபாலனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று வீடு பார்க்க வருகிறவர்களிடம் பாக்கியம்மா, காப்பி கொடுப்பதற்கு முன்பே, இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர் என்று சொல்லிவிடுகிறாராம்.