சுறா எண்ணெய் பூசிய கார்

சூடேறிய சைலன்சரில் சுறா எண்ணெய் பட்டுக் காய்ந்தால் வரும் வாசத்தை நீங்கள் முகர்ந்திருக்க வாய்ப்பில்லை. கருவாடு காயும் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த நாங்களே மூக்கைப் பொத்திக்கொண்டோம் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது. எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை முழுவதும் எங்கள் வீட்டுக் கார் அந்த வாசத்தோடுதான் தூத்துக்குடித் தெருக்களில் ஓடியது. நின்ற இடத்திலெல்லாம் பூனைகள் வந்து அதன் அடியில் படுத்துக்கொண்டன. எனக்கு அப்போது ஒன்பது வயது. என் அம்மா தன் வாழ்க்கையின் பெரிய பரீட்சையை எழுதப் போனதும் அந்தக் காரில்தான்.

அப்பா சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். வருஷத்தில் பத்து மாதம் கடலில் இருப்பார். அந்த முறை லீவில் வந்தபோது ஓர் உப்பு வியாபாரியிடமிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பழைய காரை வாங்கி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். லீவு நாட்களில் ஊர் சுற்றுவதற்காக வாங்கியிருக்கிறார் என்று தெருவில் எல்லோரும் நினைத்தார்கள், ஆனால் அவர் வாங்கியது அம்மாவுக்காக. அம்மா ஆசிரியை. விளாத்திகுளம் போகும் சாலையில், உப்பளங்களைத் தாண்டி இருந்த ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியை வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. ஜூனில் சேர வேண்டும். காலையில் முதல் பஸ் அங்கே போய்ச் சேரும்போது முதல் பீரியடே பாதி முடிந்திருக்கும். மணி அடிக்கும்போது தலைமையாசிரியை வாசலில் நிற்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளிக்காரர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். லைசென்ஸ் கிடைத்தால்தான் வேலை என்று ஆகிவிட்டது.

அப்பா இருபது நாள் துறைமுகத்துப் பக்கத்து வெட்டவெளியில் அம்மாவுக்கு ஓட்டக் காட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டையும் எழுதி வைத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். கப்பல்காரர் எழுதிய நோட்டு ஆகையால் முதல் பக்கத்திலேயே, கப்பலில் காலை முறை வேலையைச் சொல்வதுபோல, ‘காலை வாட்ச்’ என்று தலைப்பு இருந்தது. அம்மா விடியற்காலையில் பானெட்டைத் திறந்து, அந்த நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, பூசையில் சாமியார் புத்தகத்தைப் பார்ப்பதுபோல வரிவரியாகப் பார்த்துச் செய்வாள். ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி சொருகி எடுத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில் எண்ணெய் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்துவாள், அரை விரல் அளவுக்கு மேல் அது அமுங்கக் கூடாது. பேட்டரி முனையில் பச்சையாகப் பூத்திருந்தால் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி வாஸ்லின் தடவுவாள். கிளம்புவதற்கு முன் பிரேக்கை மூன்று தடவை மிதித்துப் பார்ப்பாள். ‘சோக்’ என்ற குமிழை இழுத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, எஞ்சின் இருமி முடித்துச் சீராக உறும ஆரம்பித்ததும் அதை மெல்ல மெல்ல உள்ளே தள்ளுவாள். ஆடி அசைந்து கிளம்பும் என்னைக் கண்டு பொறுமை இழக்கும் அம்மாவுக்கு அந்தக் குமிழிடம் மட்டும் எங்கிருந்துதான் அத்தனை பொறுமை வந்ததோ.

ரேடியேட்டருக்குத்தான் பெரிய மரியாதை. எங்கள் தெருவில் கிணறு தோண்டினால் வருவதெல்லாம் ‘உப்புத் தண்ணி’. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் ‘நல்ல தண்ணி’ குடிக்கவும் சமைக்கவுமே போதாது. ஆனால் அப்பா நோட்டில் சிவப்பு மசியில் எழுதியிருந்தார்: கப்பலைச் சுற்றிக் கடலே கிடந்தாலும் பாய்லருக்கு நல்ல தண்ணீர்தான், காருக்கும் அப்படியே. ஆகவே அடுக்களையில் காருக்கென்று தனியாக ஒரு குடம் இருந்தது. அதில் நாங்கள் கை வைத்தால் அடி விழும். வீட்டில் ஒருவருக்கும் குளிக்க நல்ல தண்ணீர் கிடையாது, வாசலில் நிற்கும் இரும்புக்கு மட்டும் உண்டு என்பதில் எனக்கு அந்த வயதில் பெரிய பொறாமை.

இந்த இடத்தில் பெரியப்பாவைச் சொல்ல வேண்டும். அப்பாவின் அண்ணன், சொந்தமாகத் தோணி வைத்து ஓட்டியவர். எப்போதோ லாரி ஓட்டிய காலத்து லைசென்ஸ் ஒன்று அவரிடம் இருந்ததால், பழகும் நாட்களில் அம்மாவுக்குப் பக்கத்தில் சட்டப்படி உட்கார வேண்டிய ஆள் அவர்தான். காரில் உட்கார்ந்துவிட்டால் “மெல்ல, மெல்ல” என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் சொல்லிக் கேட்டதில்லை. கடற்காற்றில் எந்த இரும்பும் துருப்பிடிக்கும் ஊர் எங்கள் ஊர், காரின் அடிவயிற்றில் உப்பு படிந்திருப்பதைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மா கோவிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தோணியில் வேலை செய்யும் இரண்டு பேரைக் கூட்டி வந்து, காரை மரக்கட்டை மேல் தூக்கி நிறுத்தி, தோணிக்குப் பூசுவதுபோலவே அடிப்பக்கம் முழுவதும் சுறா ஈரல் எண்ணெயைப் பூசிவிட்டார். சைலன்சர் குழாயையும் விட்டுவைக்கவில்லை.

கோவிலிலிருந்து வந்த அம்மா தெருமுனையிலேயே நின்றுவிட்டாள்.

“தோணிக்கு நல்லதுன்னா காருக்கும் நல்லதுதான, ரோஸ்லினு? இனி பத்து வருசத்துக்குத் துரு கிட்ட வராது பாத்துக்கிடு” என்றார் பெரியப்பா, கையிலிருந்த எண்ணெயை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தபடி.

“அத்தான், செவ்வாக்கிழமை எனக்கு டெஸ்டு” என்றாள் அம்மா. சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுத் தேய்த்தாள், திங்கட்கிழமையும் தேய்த்தாள். அவளிடமிருந்தும் வாசம் அடித்ததே தவிர, காரிலிருந்து போகவில்லை.

மோட்டார் வாகன ஆய்வாளர் என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றால்தான் தெரியும். அவர் மாதத்துக்கு ஒருநாள் வந்து கடற்கரைப் பக்கத்து மைதானத்தில் மேஜை போட்டு உட்காருவார். அந்தச் செவ்வாய்க்கிழமை மைதானத்தில் இருந்த ஒரே பெண் அம்மாதான், அதனால் கூட்டம் நிறையவே இருந்தது. பெரியப்பா மேஜைக்கு அருகில் கைகட்டி நின்றார். லீவு நாள், வீட்டில் விட ஆளில்லை என்பதால் நான் பின்சீட்டில் இருந்தேன்.

இன்ஸ்பெக்டர் முதலில் பானெட்டைத் திறக்கச் சொன்னார். இது எதற்கு, அது எங்கே போகிறது, தண்ணீர் கொதித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மூடியை உடனே திறக்கக் கூடாது, ஆறவிட்டு ஈரத்துணி போட்டுத் திறக்க வேண்டும், எஞ்சினை ஓடவிட்டே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், அதுவும் நல்ல தண்ணீர் என்று அம்மா வகுப்பில் சொல்வதுபோலவே நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். “டீச்சர், விட்டா எனக்கே பாடம் எடுத்துருவீங்க போலிருக்கே” என்று சிரித்துக்கொண்டே அவர் காரில் ஏறினார். அதுதான் அவர் கடைசியாகச் சிரித்தது.

மனுஷர் மீன் வாசமே படாத வீட்டிலிருந்து வந்தவர் போலும். முதல் திருப்பத்தில் அம்மா கையை வெளியே நீட்டி அழகாக சிக்னல் காட்டினாள், அவர் பார்க்கவில்லை. கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டாவது திருப்பத்துக்குள் சைலன்சர் நன்றாகச் சூடேறிவிட்டது.

“என்னம்மா வாசம் இது?”

“எண்ணெய் சார்.”

“என்ன எண்ணெய்?”

“சுறா எண்ணெய் சார். எங்க அத்தான் தோணிக்காரர்.”

மைதானத்துக்குத் திரும்பி வந்ததும், கார் முழுதாக நிற்பதற்குள் அவர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். நீண்ட மூச்சு இழுத்து, “போதும்மா. நல்லாவே ஓட்டுதீங்க. பாஸ். அந்தத் தாளக் குடுங்க” என்றார். பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. நான் பின்சீட்டில் குதித்தேன்.

அம்மா இறங்கவில்லை. “ரிவர்ஸ் பாக்கலியே சார்” என்றாள்.

“அதெல்லாம் வேண்டாம்மா.”

“இல்ல சார். நாளைக்கு எவனாவது, நாத்தம் தாங்காமக் குடுத்த லைசென்சுன்னு சொல்லுவான். முழுசாப் பாத்துட்டே போடுங்க.”

அவர் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு மறுபடி ஏறி உட்கார்ந்தார். மைதானத்தின் கோடியில் இரண்டு தார் டிரம்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவே பின்னால் போய் நிறுத்த வேண்டும். இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெரு இரு பக்கமும் திறந்த தெரு, இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்துவிடலாம். வெட்டவெளியிலோ எவ்வளவு வேண்டுமானாலும் வட்டமடிக்கலாம். ஆகவே அம்மா பின்னால் போய்ப் பழகியது மிகக் குறைவு. அப்பாவின் நாற்பது பக்க நோட்டிலும் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அம்மா கியர் கம்பை இழுத்துத் தூக்கிப் போட்டாள், கண்ணாடியைப் பார்த்தாள், நேராகப் போய் இடதுபக்க டிரம்மை உருட்டிவிட்டாள். அந்தச் சத்தம் துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

இன்ஸ்பெக்டர் தாளில் ‘ஃபெயில்’ என்று எழுதி அம்மாவிடம் நீட்டினார். “நான்தான் அப்பவே பாஸுன்னு சொன்னேன்லாம்மா” என்றார். அவருக்கே வருத்தமாக இருந்தது.

“நீங்க செஞ்சது சரிதான் சார். நான் ஓட்டுனதுதான் சரியில்ல. அடுத்து எப்ப வரணும்?”

வீட்டில் பெரியப்பா குதிகுதியென்று குதித்தார். “குடுத்தத வாங்கிட்டு வராம ஊருக்கு முன்னால இது என்ன வீம்பு? பள்ளிக்கூடத்துக்காரன் காத்துக்கிட்டா இருப்பான்?” என்றார். எனக்கும் அம்மாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுதேன், ராத்திரி சாப்பிட மாட்டேன் என்றேன். ஆனால் அம்மா கலங்கியதாகவே தெரியவில்லை. தட்டை என் பக்கம் தள்ளி, “தெரியாதத தெரியும்னு எழுதி வாங்கிட்டு வந்தா, அந்த ரோட்டுல ஒரு லாரி எதுத்து வாரப்ப அந்தத் தாளையா காட்டுவேன்? சாப்பிடுளா” என்றாள்.

ஜூன் பிறந்தது, பள்ளி திறந்தது. அடுத்த டெஸ்ட்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அம்மா செய்த காரியம் எங்கள் தெருவே வாயில் விரல் வைத்த காரியம். விடியற்காலையில் உப்பளத்துக்குக் காலியாகப் போகும் லாரியை மறித்து, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். உப்பளத்திலிருந்து பள்ளி நடக்கிற தூரம்தான். தலைமையாசிரியை உப்பு லாரியில் போவதா என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். மழை வந்து உப்பளம் மூடினால் லாரியும் நின்றுவிடும் என்று அம்மாவுக்கும் தெரியும். அதற்குள் அவளுக்கு லைசென்ஸ் வேண்டும். அந்த மூன்று வாரமும் அவள் லாரியில் சும்மா உட்கார்ந்து போகவில்லை. பாத்திகளுக்கு நடுவே, வண்டி அகலமே உள்ள வரப்பில், ஒரு சக்கரம் பிசகினாலும் உப்புநீரில் இறங்கிவிடும் இடத்தில், டிரைவர் உடம்பைத் திருப்பி, தலையை வெளியே நீட்டி, அங்குலம் அங்குலமாகப் பின்னால் போவதைத் தினமும் பார்த்தாள். மாலையில் வந்து வெட்டவெளியில் இரண்டு மண்ணெண்ணெய் டின்களை வைத்து அதையே செய்து பார்த்தாள். முதல் வாரத்தில் ஆறு டின் சப்பையானது. பக்கத்தில் உட்கார்ந்து பின்னால் பின்னால் திரும்பிப் பார்த்ததில் பெரியப்பாவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது, அதற்கு அவர் தேய்த்துக்கொண்டதும் சுறா எண்ணெய்தான்.

இரண்டாவது டெஸ்ட்டுக்கு இன்ஸ்பெக்டர் கைக்குட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஏறினார். “முதல்ல ரிவர்ஸ் பாத்துருங்க சார்” என்றாள் அம்மா. உடம்பைத் திருப்பி, கண்ணாடியை நம்பாமல், ஒரே மூச்சில் டிரம்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினாள். இரண்டு பக்கமும் இறங்கிப் பார்த்த இன்ஸ்பெக்டர், இந்தமுறை தாளைத் தானாகக் கேட்கவில்லை. பஜார் வரை ஒரு சுற்று ஓட்டச் சொல்லி, வாசத்தோடு வாசமாக உட்கார்ந்து வந்து, அதன்பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

ஓய்வு பெறும் வரை அந்தச் சாலையில் அம்மா தானே ஓட்டிப் போனாள். அவள் பிந்தியதாக ஒருநாளும் பேச்சு வந்ததில்லை. பெரியப்பாவையும் குறை சொல்லக் கூடாது, அந்தக் காரின் அடிப்பக்கத்தில் கடைசி வரை துரு ஏறவே இல்லை.

இன்றைய காரில் சோக் கிடையாது. கையை வெளியே நீட்டி சிக்னல் காட்டினால் பின்னால் வருகிறவர் வழி கேட்கிறோம் என்று நினைப்பார். ரேடியேட்டருக்குப் பச்சை நிறத்தில் ஏதோ கடையிலேயே கிடைக்கிறது. பின்னால் போனால் கேமரா படம் காட்டுகிறது, எதையாவது நெருங்கினால் அதுவே கூவுகிறது. போனவற்றில் எதற்காகவும் நான் ஏங்கவில்லை. அந்தக் குடத்தைத் தூக்கியவர்களுக்குத் தெரியும். எனக்கு இல்லாமல் போனது வேறு.

எண்பதைத் தொட்ட பிறகும் ஞாயிறு பூசைக்கு என் காரை அம்மாதான் ஓட்டிப் போவாள். போதும் என்று நயமாகப் பல தடவை சொல்லிப் பார்த்தோம், காதில் வாங்கவே இல்லை. சென்ற வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பின்னால் எடுக்கும்போது கார் கேட் தூணில் உரசும் சத்தம் கேட்டு ஓடி வந்தேன். அதற்குள் அவள் இறங்கி, குனிந்து, கீறலைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“லேசான கீறல்தானம்மா. தூணுதான் குறுகல்” என்றேன்.

“கேமரா கூவியிருக்கும். எனக்குக் கேக்கல” என்றாள். கார்ச் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, “ஃபெயிலு” என்றாள்.

இல்லை, பாஸ் என்று சொல்ல வாயெடுத்தேன். யாரிடம் சொல்கிறோம் என்று நினைவு வந்ததும் மூடிக்கொண்டேன். அம்மா காரைச் சுற்றி வந்து இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“பூசைக்கு நேரமாகுது. எடு” என்றாள்.