சக்கரத்துக்கு ஒரு கட்டை

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. மறைந்தவரை அஞ்சா நெஞ்சர் என்று எழுதுவதுதான் இதுபோன்ற மலர்களில் வழக்கம். என் அண்ணனைப் பற்றி அப்படி எழுதினால் அவரே எழுந்து வந்து சிரிப்பார். அவர் பயந்த சுபாவம் உள்ளவர். இன்று நான் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுவதே அந்தப் பயத்தால்தான். அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், சரிவில் நிறுத்தியிருந்த லாரி தானாகப் பின்னால் உருண்டு அப்பாவை நசுக்கிவிட்டது. சக்கரத்துக்குக் கட்டை வைக்க யாரோ மறந்திருந்தார்கள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போன அண்ணன் அதைக் கண்ணால் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. கார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். சக்கரத்தைக் கண்டாலே நடுங்குகிறவன் அங்கே ஏன் போகிறான் என்று அம்மா அழுதபோது, "பயமா இருக்கறத பக்கத்துல வச்சுப் பாத்துக்கலாம்மா" என்றாராம்.

அண்ணன் சொந்தமாகப் பட்டறை வைத்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. சிவப்புச் சாயம் பூசிய ஒரு மரக்கட்டையை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பார். சமதரையில் நிற்கும் காருக்கும் கட்டை வைப்பார். அங்கே இருக்கை உறை தைத்துக் கொடுத்தவள் நான். "அண்ணே, என் தையல் மெஷினுக்கும் ஒரு கட்டை வச்சிடுங்க" என்று சீண்டுவேன். சிரித்துக்கொண்டே குனிந்து இன்னொரு சக்கரத்தைப் பார்ப்பார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு டாக்டர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கியது. தாழ்வான வண்டி, தகரக் கூரை. டாக்டரின் மனைவி அதில் ஒரு தடவை போய்விட்டு, "இது காரில்ல, இட்லிச் சட்டி" என்று சொல்லி மறுபடி ஏற மறுத்துவிட்டார். அதற்காக டாக்டர் உள்ளே குளிரூட்டும் ஏர்கோன் போடச் சொன்னார். போட்டதும் மேட்டில் ஏற முடியாமல் வண்டி மூச்சு வாங்கியது. உடனே இன்ஜினையும் பெரிதாக்கச் சொன்னார். விபத்தில் நொறுங்கிய ஒரு பெரிய காரின் இன்ஜினைத் தேடிப் பிடித்து, அண்ணன் இதற்குள் இறக்கினார்.

அது முதன்முதலில் உயிர்பெற்ற நாளில் பட்டறையின் தகரச் சுவர் அதிர்ந்தது. அண்ணனைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிரேக்கைக் கழற்றி மாட்டினார், மறுபடி கழற்றினார். அண்ணி கொடுக்கும் காப்பி தொடாமலே ஆறிப்போகும்.

"என்னண்ணே, நல்லாத்தானே ஓடுது?" என்று கேட்டேன்.

"ஓடும் பாப்பா. அது எனக்குத் தெரியும். நிக்கணுமே. நான் செஞ்ச வண்டி யாரையாச்சும் அடிச்சிட்டா, அப்பாவ நானே கொன்ன மாதிரி."

அவருடைய பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அந்த வண்டிக்கு உறை தைக்கும்போது ஊசி கைவிரலில் ஏறியது.

வண்டியை எடுக்கும் நாளும் வந்தது. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி எடுப்பதுதானே நம் வழக்கம். நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் பழங்களை வைத்தோம். வண்டிக்கு நேர் எதிரே, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு டாக்டரின் மனைவி நின்றார். பக்கத்தில் கற்பூரத் தட்டோடு நான். டாக்டர் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். முதல் தடவை தானே ஓட்டுவதாகக் கேட்டு வாங்கிக்கொண்ட அண்ணன், சாவியைத் தொடாமல் தலையை வெளியே நீட்டினார்.

"எல்லாரும் ஓரமா நில்லுங்க. கடைவாசல் அஞ்சடித் தூணுக்குப் பின்னால போயிடுங்க."

"நாலு பழத்த நசுக்க இவ்ளோ பயமா?" என்று டாக்டர் சிரித்தார். "ஒண்ணும் ஆகாது லா, எடுப்பா. ராகு காலம் வந்துரப் போவுது."

"ராகு காலம் வரட்டும் டாக்டர். அவங்க நகராம நான் எடுக்க மாட்டேன்."

"அப்ப வேணாம், வண்டிய வேற பட்டறைக்குக் கொண்டு போறேன்" என்று டாக்டர் குரலை உயர்த்தினார். சந்தில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அண்ணன் இறங்கி வந்தார். டாக்டரின் மனைவியைக் கும்பிட்டுக் கடைவாசலில் அஞ்சடி என்கிற அந்த நடைபாதைக்கு அனுப்பினார். என்னைக் கேட்கவில்லை, கையைப் பிடித்து இழுத்தார். தட்டு ரோட்டில் விழுந்தது. நான் அவரைத் திட்டிக்கொண்டே தூணுக்குப் பின்னால் போனேன்.

அண்ணன் திரும்ப ஏறினார். இன்ஜின் உறுமியது. கியர் போட்டு வண்டி பழத்தின் மேல் ஏறிய அந்த நொடியில் டாக்டர் ஆசையாக ஏர்கோன் சுவிட்சைத் தட்டினார். வண்டி பாய்ந்தது. அது உருளவில்லை, பாய்ந்தது. பிரேக்குக்கும் அடங்காமல் நாங்கள் முதலில் நின்றிருந்த இடத்தைத் தாண்டிப் போய், அண்ணன் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்து ஸ்டியரிங்கை ஒடித்த பிறகு, எதிரே இருந்த சரக்குக் கிட்டங்கிச் சுவரில் மோதித்தான் நின்றது. என் பித்தளைத் தட்டு ரோட்டோடு அப்பளமாகக் கிடந்தது. குழந்தை வீறிட்டது. டாக்டரின் மனைவி தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வண்டியில் இருந்த இருவருக்கும் சிராய்ப்போடு போயிற்று. அண்ணன் முதலில் சக்கரத்துக்குக் கட்டையை வைத்தார். பிறகு பானெட்டைத் திறந்து பார்த்தார். ஏர்கோன் போட்டதும் இன்ஜின் குலுங்கியபோது அதன் குழாய் நகர்ந்து ஆக்சிலேட்டர் கம்பியை அழுத்திப் பிடித்திருந்தது. அந்தக் குழாயைக் கட்டியவர் அவர்தான். "தப்பு என்னோடதுதான் டாக்டர்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

டாக்டர் நடைபாதையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். பிறகு, "ஓரமா நிக்கச் சொன்னியேப்பா, அது போதும். நீயே சரி பண்ணிக் குடு" என்றார். அண்ணன் குழாயை வேறு வழியாகக் கொண்டுபோய்க் கட்டிச் சரிசெய்தார். அடுத்த முறை எலுமிச்சம்பழம் வைத்தபோது, சந்தில் இருந்த அத்தனை பேரையும் தூணுக்குப் பின்னால் விரட்டியவர் டாக்டர்தான்.

அண்ணன் அதன் பிறகும் நிறைய கார்களுக்கு வேலை பார்த்தார், ஒவ்வொன்றுக்கும் பயந்தார். கடைசிக் காலத்தில் தோ பாயோ வீட்டில் சக்கர நாற்காலியில் இருந்தபோதும் அதற்குக் கட்டை வைத்தாயிற்றா என்று கேட்பார். வைத்ததைப் பார்த்த பிறகுதான் கண்ணை மூடுவார்.

அவரைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும், அக்கம்பக்கத்து வீட்டாருக்கும், இறுதிச் சடங்குக்கு வந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. அன்று இடுப்பில் இருந்த குழந்தை, இப்போது பேரன் எடுத்தவர், வந்து அண்ணனின் காலைத் தொட்டு அழுதார். அவருக்கும் நன்றி.

அமரர் ஊர்தி ஓட்டுநருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அடுக்குமாடிப் புளோக்கின் கீழே லேசான சரிவில் வண்டி நின்றது. அண்ணனின் மகன் அந்தச் சிவப்புக் கட்டையைக் கொண்டுவந்து பின்சக்கரத்தில் வைத்தபோது, "ஹேண்ட்பிரேக் போட்டிருக்கேன் அண்ணே" என்றார் ஓட்டுநர். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.

புறப்படும் நேரம் வந்தது. கட்டையை எடுத்தால்தான் வண்டி நகரும். மகன் குனியவில்லை. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் நான்தான் போனேன். "எல்லாரும் ஓரமா நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, குனிந்து அதை எடுத்தேன்.