கண்ணாடிப் பெட்டிக்குள் கேப்டன்

மகள் செல்போனில் டிரெய்லரைக் காட்டினாள். சின்ன வயதில் நான் பார்த்த விண்வெளிப் படத்தை மறுபடி எடுத்து வெளியிட்டிருக்கிறார்கள். கேப்டனாக மீசை முளைக்காத யாரோ ஒரு பையன். பதற்றத்தில் பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை விழுங்கிவிட்டேன்.

எனக்கு எட்டு வயதில் அப்பா இறந்தார். அடுத்த மாதமே சித்தப்பா என்னை ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏற்றி, திருச்சிக்கு அந்தப் படம் பார்க்கக் கூட்டிப்போனார். மூட்டைப்பூச்சி நாற்காலி, வறுகடலை வாசனை. இங்கிலீஷ் வசனத்தை அவர் என் காதில் தமிழில் சொல்லச் சொல்ல, பின்வரிசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. எங்களுக்கும் புரியல."

அதன்பின் சித்தப்பா மூன்று வரிசைக்கும் சேர்த்துச் சொன்னார். கடைசியில் கேப்டனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்தினார்கள்.

"செத்துட்டாரா சார்?" என்றார் பின்வரிசைக்காரர்.

சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். "இல்லீங்க, தூங்குறார். அடுத்த படத்துல எழுந்துடுவார்."

நாற்பது வருடமாக அந்த அடுத்த படத்துக்குத்தான் காத்திருக்கிறேன்.

"அவரை எழுப்பாம புது ஆளைப் போட்டா எப்படிம்மா?"

"அப்பா, அவர் அந்தப் படத்துலயே செத்துட்டாருப்பா."

ஏன் பொய் சொன்னீர்கள் என்று சண்டை போடலாமென்றால் சித்தப்பாவும் இப்போது இல்லை. அலுப்பாக இருந்தது.

"சரி, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி, இந்தப் பையனாவது கடைசி வரைக்கும் உயிரோட இருக்கானான்னு பாத்துச் சொல்லு."