பக்கத்துப் பெட்டிக்குப் போன ஏழுமலை

தினமும் ஆவடி வரை என் டிபன் பை ரயிலில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வரும். ஆளுக்கே இடமில்லாத வண்டியில் பைக்கு சீட்டா என்பீர்கள். கேளுங்கள்...

என்றைக்குமே லேட்டாக வரும் சென்ட்ரல் வண்டி எங்களுடையது. பட்டாபிராமில் ஏறும் நான், ஆவடியில் ஏறும் ஏழுமலைக்குப் பை போட்டு இடம் பிடிப்பேன். பதிலுக்கு அவர் சேதி சொல்வார். பருத்திப்பட்டு ஏரியில் முதலையாம்! எல்லாமே யாரோ சொன்னதுதான்.

அப்படித்தான் ஒரு நாள், "நாளைக்கு நம்ம வண்டி கெடையாதாம் மாமே. டிராக் வேலையாம்" என்றார். எங்கள் பெட்டிக் கோஷ்டியே பஸ்ஸில் கிளம்பி அம்பத்தூர் நெரிசலில் மாட்டிக்கொண்டது. வண்டி என்னவோ ஓடியது!

எங்கள் திருநெல்வேலி ஐ.டி. பிள்ளை பிரபுவுக்கு அன்று இன்டர்வியூ. கோட்டை விட்டார். மறுநாள் பெட்டியே பார்க்கக் கத்தினார்: "வாயத் தொறந்தாலே பொய்தானா அண்ணே?"

ஏழுமலை அடுத்த நாளிலிருந்து பக்கத்துப் பெட்டியில் ஏறினார். ஆவடியில் நான் பையை எடுத்ததும் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். எனக்கு மனசே சரியில்லை.

பிரபுவிடம் ஒரு கிரேக்கரைப் பற்றிச் சொன்னேன். கிறிஸ்துவுக்கு முந்தைய சரித்திர ஆசிரியர். பெயர் என் வாயில் நுழையாது. சொந்த ஊரை விட்டு வந்து, எகிப்து வரை சுற்றி, கடைசியில் ஃப்ளாட் வாங்கி வந்த நம் ஜனங்களைப் போல ஒரு புது ஊரில் குடியேறியவர். போன இடமெல்லாம் கேட்டதை எழுதினார். இந்தியாவுக்கே வராமல், இங்கே எறும்பு தங்கம் தோண்டுகிறது என்றுகூட எழுதினார்! கேட்டதைச் சொல்கிறேன், நம்புவது உங்கள் பாடு என்பது அவர் கட்சி. பொய்யர் என்ற பட்டமும் கிடைத்தது.

வேடிக்கை என்ன தெரியுமா? ஆப்பிரிக்காவைக் கப்பலில் சுற்றியவர்கள், தெற்கே போனபோது சூரியன் வடக்குப் பக்கம் தெரிந்தது என்றார்களாம். தான் இதை நம்பவில்லை என்று எழுதிவைத்தார். ஆனால் அவர்கள் சொன்னதுதான் நிஜம், பூமத்திய ரேகையைத் தாண்டினால் சூரியன் வடக்கில்தான்!

பிரபு மறுநாள் ஆவடியில் குதித்து ஓடினார். ஏழுமலையைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"கோவத்துல பேசிட்டேன் அண்ணே. நீங்க இல்லாம பெட்டி பெட்டியாவே இல்ல."

"அட, உடு நைனா..." ஏழுமலை என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சென்ட்ரலில் இறங்கும்போது என் காதோரம் வந்தார். "நாளைக்கு நம்ம வண்டி கரெக்ட் டைமுக்கு வருதாம் மாமே. சொல்லிக்கினாங்க... நானே நம்பல."

நானும் நம்பவில்லை. மறுநாள் பட்டாபிராமில் நான் பார்த்தது, வண்டியின் முதுகைத்தான்!