பூண்டு தின்ற ரேகை

பூண்டுக் கொட்டகையை விட்டு நடையைக் கட்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மேல்மலைச் சாலையில் கோடைக்கானலைப் பார்த்து ஏறக்குறைய ஓடிக்கொண்டிருந்தேன். எத்தனையோ வேலைகளை விட்டு இப்படிக் கிளம்பியிருக்கிறேன்; சண்டை, பசி, சலிப்பு என்று ஏதாவது காரணம் இருக்கும். அன்று கிளம்பியது என் கட்டைவிரலுக்காக. நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது.

அன்று காலை தபால்காரம்மா கொட்டகைக்கு வந்திருந்தார். ஸ்வெட்டருக்கு மேல் பை, கையில் விரல் ரேகை பார்க்கும் சின்ன இயந்திரம். முதலாளி என்று ஒருவரும் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு நாள் கூலி கட்டினால் போதும், அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்கும் என்றார். ஆதாரும் ரேகையும்தான் வேண்டும். எனக்கு உடனே பிடித்துப்போனது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டையோடு விழுந்து கால் முறிந்தபோது, கமிஷன் கடைக்காரர் ஒரு டீ வாங்கித் தந்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார். அவ்வளவுதான். இரண்டு மாதம் வெங்காயச் சாக்கின் மேல் கிடந்தேன். இன்னொரு தடவை அப்படிக் கிடக்க முடியாது.

வரிசையில் நின்றோம். இயந்திரம் ஒருவர் விரலையும் ஏற்கவில்லை. பூண்டில் ஒட்டிய மண்ணைத் தேய்த்து, வேரை நறுக்கி, சாறு பட்டுப் பட்டு எல்லோருக்கும் விரல் நுனி உரிந்து வழவழவென்று ஆகியிருந்தது. தபால்காரம்மா என் பத்து விரலையும் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். சிவப்பு விளக்குதான்.

“ரேகையப் பூண்டு தின்னுருச்சுங்க. பத்து நாளு பூண்டு, மண்ணு, சாக்கு எதையும் தொடாதீங்க. தேங்காயெண்ணெ தடவுங்க. தன்னால வந்துரும்.”

“பத்து நாளு கையக் கட்டிட்டு இருந்தா, நீங்களா தபால்ல சோறு அனுப்புவீங்க?” என்றார் எங்கள் கூட்டத்தை நடத்திய அக்கா. கொட்டகையே சிரித்தது. தபால்காரம்மாவும்தான்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “ஏலே, ஒரு எடத்துல ஒரு மாசம் தங்காத பய நீ. புள்ளையா குட்டியா? வெரசாக் கெளம்பு. ஒன் வெரலு தேறுச்சுன்னா சொல்லு, நாங்களும் மொற போட்டு வேலையிலேர்ந்து நிக்கிறோம். பொய்யின்னா இந்தம்மாவ ஊருக்குள்ள விடமாட்டோம்.”

ஊர்சுற்றி என்று என்னைத் திட்டாதவர்கள் இல்லை. அந்தப் புத்தி ஒரு கூட்டத்துக்கே தேவைப்பட்டது அன்றுதான். இப்போது அந்தக் கொட்டகைப் பெண்கள் பூண்டு பிடுங்கும் முன்பே, ரேகை நன்றாக இருக்கும்போதே பதிந்துகொள்கிறார்கள். பதினோராம் நாள் கோடைக்கானல் தபாலாபீசில் எனக்குப் பச்சை விளக்கு எரிந்ததும் போனில் நான் போட்ட கூச்சலை அக்கா இன்றும் சொல்லிக் காட்டுவார். தபால்காரம்மா மாற்றலாகிப் போய்விட்டார்.

அன்று நடக்கும்போது இது எதுவும் தெரியாது. கைகளை ஸ்வெட்டருக்குள் பொத்திக்கொண்டு போனேன். ராத்திரி கோடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு டீக்கடை ஓரம் படுத்து, வெள்ளனே எழுந்து கதவு கதவாக வேலை கேட்டேன். பாத்திரம் கழுவச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். விறகு பிளக்கச் சொன்னார்கள், அதுவும் மாட்டேன். ஒரு லாட்ஜில் வருகிற கார்களை ஒதுக்கி நிறுத்த ஆள் தேடினார்கள்.

“கையால எதையும் தூக்கணுமா பாய்?”

லாட்ஜ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “விசில் ஊதணும். அவ்வளவுதான்.”

சம்பளம் எவ்வளவு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. முதல் கார் திருப்பத்தில் தெரிந்ததும், தெரு நாய்கள் எல்லாம் எழுந்து குரைக்கும்படி ஊதினேன்.