என் மகள் பெயரில் ஓடிய ரயில்

என் மகள் நாலாம் வகுப்பில் படித்தபோது, ஏறக்குறைய ஒன்றரை மாதம், அவள் பெயரில் நான் கணக்கு விளையாடினேன். இதை நான் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒரு நாள்தான். சொல்லியும் மனம் ஆறவில்லை என்பதால் எழுதுகிறேன்.

சித்தூருக்குக் கிழக்கே நெல்லும் தென்னையுமாக எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் மலையாளத்தோடு தமிழ்ப் பிரிவும் உண்டு. அந்த வருடம் புதிதாக வந்த டீச்சர், பி.டி.ஏ. கூட்டத்தில் போனில் ஒரு விளையாட்டைக் காட்டினார். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு ரயில். ஒரு கணக்குக்குச் சரியாக விடை சொன்னால் ரயிலில் ஒரு பெட்டி சேரும். நேரம் தாண்டினால் ரயில் நின்றுவிடும். குழந்தை நன்றாகப் போட்டால் கணக்கும் கடினமாகிக்கொண்டே போகும். வெள்ளிக்கிழமைதோறும் யார் ரயிலில் எத்தனை பெட்டி என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் வரும்.

எங்கள் வீட்டில் அதற்குத் தோதான போன் என்னுடையது ஒன்றுதான். மகளுக்கு மாலையில் அரைமணி நேரம் கொடுப்பேன். அவள் விரலின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். எண்ணி முடிப்பதற்குள் ரயில் நின்றுவிடும். அதற்கு அவள் வருத்தப்பட்டதாக நினைவில்லை. "நின்னு போச்சுங்கப்பா" என்று சிரித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போவாள். முதல் மூன்று வாரமும் பட்டியலின் கடைசி வரிகளில்தான் அவள் பெயர் இருந்தது.

என் பெரியப்பா மகனின் பையனும் அதே வகுப்பு. அவன்தான் எப்போதும் முதலில் இருப்பான். ஒருநாள் காலை டீக்கடையில் நாலைந்து பேர் இருக்கும்போது அண்ணன் கேட்டார்.

"ஏப்பா, உன்ற புள்ள ரயிலு இன்னும் டேசன உட்டே கெளம்பலயாட்ட இருக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் அது தைத்தது. பிளஸ் டூவில் நான் கணக்கில் தோற்று, அதோடு படிப்பை விட்டவன். அதே வருடம் அண்ணன் தேறி, சித்தூர் கல்லூரிக்குப் பஸ் ஏறினார்.

அன்று வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு மோட்டார் ரூமில் உட்கார்ந்திருந்தேன். கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஆகும். போனை எடுத்து விளையாட்டைத் திறந்தேன். மகள் முந்தின நாள் தடுமாறி விட்டிருந்த கணக்கு. ஒன்றே ஒன்றைப் போட்டுக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். விடையை அழுத்தியதும் மணி அடித்தது, பெட்டி வந்து சேர்ந்தது. இன்னொன்று போட்டேன். அதற்கும் மணி அடித்தது. கணக்கில் எனக்கு அதற்கு முன்னால் யாரும் மணி அடித்ததில்லை. தண்ணீர் கடைசி வயலைத் தாண்டி வாய்க்காலில் வழிந்த பிறகுதான் எழுந்தேன்.

மாலையில் மகள் போனை வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, என்ற ரயிலு தானா வளந்திருக்குதுங்க!"

"நேத்து நீ போட்டதெல்லாம் இப்பத்தான் சேந்திருக்கும் சாமி," என்றேன்.

அதற்குப் பிறகு தினமும் மோட்டார் ரூமில் அதே வேலை. ரைஸ் மில்லில் காத்திருக்கும்போதும், சலூனில் முறை வரும்வரையிலும் ஆடினேன். நான் ஆடத் தொடங்கிய பிறகு வந்த மூன்றாவது வெள்ளிக்கிழமை என் மகள் பெயர் பட்டியலில் முதலில் வந்தது. குழுவில் ஆளாளுக்குக் கை தட்டும் படம் போட்டார்கள். நான் கை கூப்பும் படம் போட்டேன். டீக்கடையில் அண்ணன், "புள்ள கெட்டிக்காரிதான் போ" என்றார். அந்த டீயை நான் மெதுவாகக் குடித்தேன்.

ஆனால் மாலையில் மகள் உட்காரும்போது விளையாட்டு அவளுக்கு என் கணக்கைக் கொடுத்தது. நீள வகுத்தலும் பின்னமும் வந்தன. அவள் விரலைத் தொடக்கூட இல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது எங்களுக்கு இன்னும் நடத்தலீங்கப்பா."

காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் சொன்னது இதுதான்: "மத்த புள்ளைக எல்லாம் போடுதல்ல? உனக்கு அக்கற இருந்தா வரும்."

அவள் போனை மெல்ல என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள். அதன் பிறகு போனைக் கேட்கவே இல்லை.

சில நாள் கழித்து என் மனைவி கேட்டாள். "ஏனுங்க, புள்ள போனத் தொட்டே ஒரு வாரமாச்சு. அப்பறம் எப்புடி அவ பேரு மொதல்ல வருது?"

"சும்மா தொறந்து பாப்பேன். அதுல ஒன்னு ரெண்டு சேந்திருக்கும்," என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அடுத்த மாதம் பெற்றோரை எல்லாம் பள்ளிக்கு அழைத்திருந்தார்கள். நான் சலவை வேட்டி கட்டிக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். டீச்சர் சுவரில் இருந்த பெரிய திரையில் விளையாட்டைத் திறந்து, முதலில் நிற்கும் பிள்ளை எல்லோருக்கும் ஆடிக் காட்டட்டும் என்று என் மகளைக் கூப்பிட்டார். எழுந்து ஏதாவது சொல்லித் தடுத்திருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன்.

முதல் கணக்கு: இருபத்து நான்கில் முக்கால் பங்கு எத்தனை? மகள் திரைக்குப் பக்கத்தில் கையைத் தொங்கவிட்டு நின்றாள். நேரம் ஓடி முடிந்தது. திரை சிவந்து ரயில் நின்றது. அடுத்தது நூற்று ஐம்பத்தாறைப் பன்னிரண்டால் வகுக்கவேண்டும். அதற்கும் ரயில் நின்றது. பின்னாலிருந்து ஒரு பையன் "பதிமூணு" என்று கத்தினான். யாரோ சிரித்தார்கள்.

டீச்சர் அவள் தோளில் கை வைத்துக் குனிந்து கேட்டார். "வீட்டுல யாராச்சும் போட்டுக் குடுத்தாங்களா கண்ணு?"

மகள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"இல்லீங்க டீச்சர். நாந்தான் போன்ல கால்குலேட்டர் வெச்சுப் போட்டேனுங்க."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அப்படிச் செய்யக்கூடாது என்று தணிந்த குரலில் சொல்லி அவளை இடத்துக்கு அனுப்பினார். பக்கத்தில் இருந்த ஒருவர் என்னிடம், "இந்தக் காலத்துப் புள்ளைக" என்று தலையை ஆட்டினார். நானும் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினேன். நான் செய்ததிலெல்லாம் இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுவது அந்தத் தலையாட்டலுக்குத்தான்.

வண்டியில் திரும்பும்போது அவள் வழக்கம்போல என் சட்டையைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன்.

"ஏஞ்சாமி அப்புடிச் சொன்ன?"

"அத்தன பேரு இருந்தாங்கல்லங்கப்பா."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. சனிக்கெழம உங்களுக்குச் சோத்துப் போசி கொண்டாந்தனல்லங்க. மோட்டார் ரூம்புல நீங்க வெளையாடிட்டு இருந்தீங்க. நீங்களா சிரிச்சுட்டு இருந்தீங்க. அதான் சொல்லல."

அப்போதே வண்டியைத் திருப்பிக்கொண்டு பள்ளிக்குப் போயிருக்கவேண்டும். போகவில்லை. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். மறுநாள் நாற்றுக்கு ஆள் வருவது காரணமாயிற்று. அந்த இரண்டு நாளில் வகுப்பில் அவளுக்குக் 'கால்குலேட்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் அதை வீட்டில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லித்தான் என் மனைவிக்குத் தெரிந்தது. அவள் மகளை மடியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நான் நின்ற வயலுக்கே வந்தாள். ஆட்கள் காதில் விழாத தூரத்துக்கு என்னை அழைத்துப் போனாள்.

"புள்ளையத் திருடியாக்கிட்டு நீங்க வரப்புல நின்னு வேல ஏவிட்டு இருக்கறீங்க. இன்னிக்கு நீங்க போய்ச் சொல்லலீன்னா நாம் போய்ச் சொல்லுவேன்."

காலைக் கழுவிக்கொண்டு அப்படியே போனேன். டீச்சர் வராந்தாவில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் பேனாவை மூடி வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். பிள்ளைகளின் பெயர்களும் அவற்றுக்கு நேரே நிறங்களும் இருந்தன.

"கடன் வாங்கிக் கழிக்கறது வராத பிள்ளைங்க ஆறு பேருக்கு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தனியா சொல்லிக் கொடுத்துட்டிருக்கேன். இவளும் அதுல இருந்தா. விளையாட்டுல இவளுக்குப் பச்சை வந்துது. சரி, தேறிட்டான்னு நான்தான் எடுத்து விட்டேன். மத்த அஞ்சு பேரும் இப்ப நல்லாப் போடறாங்க."

அதுவரை நான் அவள் பெயரை மட்டும்தான் கெடுத்தேன் என்று எண்ணியிருந்தேன்.

"கிளாசுல வந்து சொல்லுங்க," என்றார்.

"புள்ளைக முன்னாலீங்களா?"

"அவ பிள்ளைங்க முன்னாலதானே நின்னா?"

உள்ளே போய் நின்றேன். சேற்றுக் கறை போகாத வேட்டி. மகள் மூன்றாவது பெஞ்சில் குனிந்திருந்தாள். "கால்குலேட்டர் எல்லாம் இல்ல. அத்தனையும் நாம் போட்டது. என்ற புள்ள மேல தப்பில்ல," என்றேன். குரல் எனக்கே கேட்காத மாதிரி இருந்தது. டீச்சர் இன்னொரு முறை உரக்கச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

பிறகு அண்ணன் மகன் கையைத் தூக்கினான்.

"சித்தப்பா, நீங்க எந்த லெவல் வரைக்கும் போனீங்க?"

அவன் கேலி செய்யவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். எனக்கு அந்த எண் மனப்பாடமாகத் தெரியும். சொல்லாமல் வெளியே வந்தேன்.

டீச்சர் பழைய ரயிலை அழித்துவிட்டு மகளுக்குப் புதிதாக ஒன்று தொடங்கிக் கொடுத்தார். மதிய வகுப்பிலும் மறுபடி சேர்த்துக்கொண்டார். நானூற்று இரண்டிலிருந்து நூற்று எழுபத்தெட்டைக் கழிக்க அவளுக்கு அந்த வருடக் கடைசி வரை ஆயிற்று. அந்த ரயில் எத்தனை பெட்டி வரை போனது என்று நான் பார்க்கவில்லை. மாலையில் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவேன்.

டீக்கடையில் அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு யாரோ பேச்செடுத்தபோது அவரே மழையைப் பற்றிப் பேசி மாற்றிவிட்டார்.

இப்போது மகள் ஏழாம் வகுப்பு. கணக்கில் சுமாராக மார்க் வாங்குகிறாள். என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள், வண்டியில் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறாள். ஆனால் அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது நான் அந்தப் பக்கம் போனால் இடது கை தானாக நகர்ந்து நோட்டை மூடிக்கொள்கிறது. அவள் அதை அறிந்து செய்கிறாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை.