வெந்துபோன இரும்பு

துருத்தி இழுப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி சங்கரன்கோவில் வட்டாரத்திலேயே கிடையாது என்று ஒன்பது வயதில் எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் அப்பாவின் கொல்லப்பட்டறையில் அதுதான் என் வேலை. இரும்பு பழுத்ததும் அப்பா "போதும்" என்பார். நான் கையை எடுத்துவிடுவேன். அதற்கு மேல் ஊதினால் இரும்பு வெந்துபோகும், பிறகு எதற்கும் உதவாது.

அன்று பனவடலிசத்திரத்திலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி, தச்சு ஆசாரி. முந்தின வாரம் அங்கே ஒருவன் அவரைக் கடைத்தெருவில் வைத்துச் செருப்பால் அடித்திருந்தான். அவன் கழுத்து இருக்காது என்று மாமா நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாராம். அப்பாவிடம் இதைச் சொல்லி அம்மா அழுததை நானும் கேட்டேன். ஆனால் அதற்கும், மாமா கொண்டுவந்து போட்ட லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தெரியவில்லை.

"அத்தான், அருவா ஒண்ணு அடிச்சுத் தாங்க. நீட்டமா இருக்கட்டும்."

"எதுக்குடே?"

"கருவை வெட்டத்தான். உங்களுக்கு முடியாதுன்னா சொல்லிருங்க, டவுன்ல அடிச்சுக்கிடுதேன்."

அப்பா பட்டையை வாங்கி உலையில் வைத்தார். மாமா இடத்தைவிட்டு நகரவில்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

இரும்பு சிவந்து, மஞ்சளாகி, பழுத்தது. அப்பா "போதும்" சொல்லவில்லை. நான் கையைத் தளர்த்தினேன். மாமாவுக்கு முதுகைக் காட்டி நின்ற அப்பா, இழு என்று கண்ணால் காட்டினார். இழுத்தேன். வெள்ளை வெளேரென்று ஆன இரும்பிலிருந்து மத்தாப்பு போலப் பொறி பறந்தது. வெளியே எடுத்து ஓர் அடி போட்டதும் பட்டை துண்டு துண்டாக உதிர்ந்தது.

என் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விழுந்தது.

"நிறுத்துன்னு கண்ணக் காட்டுனது தெரியலியா ஏட்டி?" என்று அப்பா கத்தினார்.

அப்பா அதுவரை என்மேல் கை வைத்ததே இல்லை. மாமாதான் பதறிப்போய் என்னைத் தூக்கினார். "சின்னப்பிள்ளையப் போட்டு இப்படி அடிக்கியளே அத்தான்" என்று சண்டை பிடித்து, கலர் சோடா வாங்கித் தருவதாகச் சொல்லி சைக்கிளில் ஏற்றிக்கொண்டார்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அப்பாவை மாட்டிவிட்டே தீருவது என்று இருந்தேன்.

"மாமா, அப்பா நிறுத்தச் சொல்லவே இல்ல. கண்ணக் காட்டி இழுன்னுதான் சொன்னாவ."

சைக்கிள் நின்றது. இதோ திரும்பிப் போய் அப்பாவோடு மல்லுக்கு நிற்கப் போகிறார் என்று ஆவலோடு காத்திருந்தேன். மாமாவோ பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கொண்டுவந்த இரும்பு போய்விட்டதே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது.

"அழாதீய மாமா. வேற இரும்பு வாங்கிட்டு வாங்க. இந்தத் தடவ நான் சரியா ஊதித் தாரேன்" என்றேன்.